பக்கத்து நாற்காலி

மருந்து அட்டைகளை டப்பாவில் அடைக்கும் கூடத்தில் பன்னிரண்டு பெண்கள். அதில் ஒருத்தியை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் வெள்ளைக் குல்லாவை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மணி அடிக்கும் வரை வாய் ஓயாது. தண்ணீர் வராத குழாய், ஏமாற்றிவிட்ட செருப்புக் கடைக்காரன், எதிர்வீட்டுக்காரியின் குறட்டை, ஒன்றையும் விடமாட்டாள். ஆனால் கை மட்டும் ஒரு கணம் நிற்காது. அவள் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டே மற்றவர்கள் கையும் ஓடும்.

சூப்பர்வைசரும் ஒரு காலத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலிதான். ஏழு வருஷம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அட்டை அடைத்தவள். வாடி, போடி என்றுதான் பேச்சு. பதவி உயர்வு வந்த மறுநாள் ரேடியோ அவளை "மேடம்" என்று கூப்பிட்டாள். முதலில் கேலிக்குத்தான். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. சூப்பர்வைசரும் வேண்டாமென்று சொல்லவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வேலை செய்கிறவர்கள் சந்தோஷமாக இருந்தால்தான் வேலை ஓடும் என்று மேலாளருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கூடத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். மாதத்தின் சிறந்த ஊழியர் என்று ஒரு படம் மாட்டினார்கள். எல்லாம் முடிந்ததும் மேலாளர் சூப்பர்வைசரை அழைத்தார்.

"பேச்சைக் குறைச்சா டப்பா இன்னும் கூடும். அந்த ரேடியோவ லேபிள் ரூமுக்கு மாத்திடுங்க."

லேபிள் இயந்திரம் போடுகிற சத்தத்தில் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அது சூப்பர்வைசருக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டிவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் ரேடியோ அவள் மேஜையருகே வந்து நின்றாள்.

"மேடம், ஒரு விஷயம் சொல்லணும்."

சூப்பர்வைசர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "சீக்கிரம் சொல்லு, ரிப்போர்ட் அனுப்பணும்."

ரேடியோ குல்லாவைக் கழற்றி மடித்தாள். "ஒண்ணுமில்ல மேடம்" என்று போய்விட்டாள்.

ரேடியோ லேபிள் ரூமுக்குப் போன முதல் வாரம் டப்பாக்கள் கூடின, மேலாளர் பாராட்டினார். மூன்றாம் வாரம் முன்பைவிடக் குறைந்தன. கூடத்தில் ஆளாளுக்குத் தலைவலி, ஆளாளுக்கு லீவு. ஐந்தாம் வாரம் ரேடியோ சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள்.

சூப்பர்வைசர் மேலாளரிடம் மல்லுக்கட்டி, பழைய இடத்தையே கொடுக்க அனுமதி வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை வீடு தேடிப் போனாள்.

கதவு திறந்திருந்தது. கட்டிலில் ரேடியோவின் வீட்டுக்காரர் வாய் ஒரு பக்கம் கோணிப் படுத்திருந்தார். ரேடியோ ஸ்பூனால் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்பலேர்ந்து?" என்றாள் சூப்பர்வைசர்.

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது. பேச்சு போயிடுச்சு. நான் ஏதாவது பேசினா, பதில் சொல்ல முடியலையேன்னு அழுவாரு. அதனால இங்க வாயத் திறக்கறதில்ல. அங்க வந்து மொத்தத்தையும் கொட்டிடுவேன்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"அன்னைக்குச் சொல்லத்தான் வந்தேன். நீங்க கடிகாரத்தப் பார்த்தீங்க."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"உன் இடம் அப்படியே இருக்கு. நாளைக்கே வந்துடு."

"இல்ல மேடம். ஆஸ்பத்திரியில துணி மடிக்கற வேலை கிடைச்சிருக்கு. பகல்ல நாத்தனா இவர பாத்துக்கறா. அங்க நான் ஒருத்திதான், யார்கிட்டயும் பேச வேண்டியதில்ல." ரேடியோ அவர் வாயோரம் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். "லேபிள் ரூம்ல வாய மூடியே இருந்தேனா, இப்ப பேச்சே வரமாட்டேங்குது."

"மேடம்னு கூப்பிடாதடி."

ரேடியோ லேசாகச் சிரித்தாள். வேறு எப்படியும் கூப்பிடவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

திங்கட்கிழமை மத்தியானம் சூப்பர்வைசர் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பெண்கள் சாப்பிடும் மேஜைக்குப் போனாள். பதவி உயர்வு வந்த மூன்று வருஷத்தில் முதல் தடவை. பேச்சு சட்டென்று நின்றது. ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். சூப்பர்வைசர் எதையாவது சொல்ல வேண்டுமே என்று தேடினாள், ஒரு குழாய்கூட, ஒரு செருப்புக்கடைகூட அவளுக்கு அகப்படவில்லை.

கடைசியில் எதிரே இருந்தவள்தான் கேட்டாள். "அடுத்து யாரை மாத்தப் போறீங்க மேடம்?"

"யாரையும் இல்ல" என்று சொல்ல வாயைத் திறந்தாள். டிபன் பாக்ஸைப் பார்த்தபடி தலையை மட்டும் அசைத்தாள்.