டேங்குக்குள் கிடந்தது

ஸ்பானரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். டிராக்டர் டேங்குக்கு அடியில் டீசல் குழாயைப் பிடித்திருந்த நட்டு சடக்கென்று இளகியது. விரல் முட்டி இரும்பில் உரசித் தோல் வழன்றது.

“அண்ணி, விட்டுடுங்க. எல்லாரும் பாக்குறாங்க,” என்றான் கொழுந்தன்.

“பாக்கட்டும். பாக்கத்தானே வந்திருக்காங்க.”

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கூடத்தில் அவள் புருஷனைக் கிடத்தியிருந்தது. காலையில் இந்த டிராக்டரின் பெரிய சக்கரத்தில் சாய்ந்தபடியே போய்விட்டார். காபி ஆறுகிறதென்று கூப்பிட வந்த அவள்தான் முதலில் பார்த்தாள்.

வண்டி கேட்டுக்கு நடுவே நின்றது. பின்னால் கலப்பை மண்ணுக்குள் இறங்கிக் கிடந்தது. இன்ஜின் ஓடினால்தான் அதைத் தூக்க முடியும். தூக்காமல் வண்டி ஒரு அடி நகராது. தள்ளிப் பார்த்த ஆட்கள் மூச்சு வாங்கி ஒதுங்கிவிட்டார்கள். உடலை எடுத்துப்போக வந்த வேன் ரோட்டிலேயே காத்திருந்தது. மெக்கானிக் வேறு ஊரில் இருந்தான். சாயங்காலம் வருகிறேன் என்றான்.

“மதில் மேல தூக்கிக் குடுத்து அந்தப் பக்கம் வாங்கிக்கலாம்,” என்று சற்று முன்னால் யோசனை சொன்னதும் கொழுந்தன்தான்.

“உங்க அண்ணன் என்ன உர மூட்டையா?” என்று கேட்டுவிட்டு, கூடத்தை விட்டு எழுந்து வந்தவள் அவள். டூல்ஸ் பெட்டி சக்கரத்துக்குப் பக்கத்தில் திறந்தபடியே கிடந்தது.

குழாயைக் கழற்றிவிட்டு வாளியை அடியில் வைத்தாள். டீசல் விரல் தடிமனுக்கு விழுந்தது.

“நல்லாத்தானே வருது,” என்றான் கொழுந்தன்.

“பேசாம பாருங்க தம்பி.”

கொஞ்ச நேரத்தில் அது மெலிந்தது. பென்சில் அளவானது, நூலானது, பிறகு சொட்டியது. அவள் குனிந்து டேங்கின் அடி ஓட்டையில் வாயை வைத்து ஊதினாள். டேங்குக்குள் களகளவென்று சத்தம் கேட்டது. மறுபடி விரல் தடிமனுக்குக் கொட்டியது. மறுபடி மெலிந்தது.

வாயில் இருந்த டீசலைத் துப்பினாள். கோபத்தில் கண் எரிந்தது.

ஒரு வாரமாக இதே கதை. வண்டி கிளம்பும், கொஞ்ச தூரம் ஓடும், மூச்சுத் திணறி நின்றுவிடும். டீசல் குழாய் எங்கேயோ காற்று இழுக்கிறது என்று அவர் ஒரே பிடியாக நின்றார். ஃபில்டரை மாற்றினார். வாஷர்களை மாற்றினார். தினமும் கை பம்பை அழுத்தி அழுத்திக் குழாயிலிருந்த காற்றை வெளியே எடுத்தார். பாரமான வேலை கூடாது என்று டாக்டர் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. பம்பு அழுத்தச் சொல்லி அவளையும் வெயிலில் நிறுத்திவைத்தார்.

“டேங்க்ல ஏதாச்சும் அடைச்சிருக்கும். ஒருதடவை குழாயக் கழட்டித்தான் பாப்போமே,” என்று இரண்டாம் நாளே சொன்னாள்.

“அழுத்துன்னா அழுத்து. வக்கீல் மாதிரி பேசாத.”

அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கும் இப்போது அவர் மேல்தான் கோபம் வந்தது. வாயை மூடிக்கொள்ள இத்தனை வருஷமாகப் பழக்கியது யார்?

டேங்கின் வாயில் மூடி கிடையாது. அது தொலைந்து மாதக்கணக்காகிறது. பழந்துணியைச் சுருட்டி அடைத்திருந்தார். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கம்பி ஒன்றின் நுனியை வளைத்து உள்ளே விட்டுத் துழாவினாள். கம்பி எதிலோ மாட்டியது. இழுத்தாள். கறுத்து ஊறிப்போன கந்தல் ஒன்று நீளமாக வெளியே வந்து அவள் மணிக்கட்டு மேல் வழிந்தது.

“அட, முன்னாடி அடைச்ச துணி ஒண்ணு கிழிஞ்சு உள்ள விழுந்திருக்கு!” என்றான் கொழுந்தன். “ஓடுறப்போ வந்து ஓட்டைய அடைச்சுக்கும், நின்னதும் விலகிக்கும். அதான் அண்ணனுக்குப் பிடிபடல.”

அவள் கந்தலைப் பிழிந்து விரித்தாள். ஓரத்தில் நீலக் கரை தெரிந்தது. அவளுடைய தலையணை உறை. காணோம் காணோமென்று வீடு முழுக்கத் தேடியபோது, கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு, “எனக்கென்ன தெரியும்? நானா போட்டுக்கிட்டுத் திரியறேன்?” என்று கேட்டாரே, அதே உறை.

“பொய்யி,” என்றாள்.

“என்ன அண்ணி?”

“ஒண்ணுமில்ல. போய் அந்தக் கை பம்ப அழுத்துங்க.”

குழாயைத் திரும்ப மாட்டி முறுக்கி, வாளியிலிருந்த டீசலை டேங்கில் ஊற்றினாள். ஃபில்டர் மேலிருந்த திருகை அரைச் சுற்று இளக்கினாள். கொழுந்தன் சின்ன நெம்புகோலை அழுத்த அழுத்த, திருகைச் சுற்றி நுரை கொப்பளித்தது.

“போதுமா?”

“நான் நிறுத்தச் சொன்னேனா? அழுத்துன்னா அழுத்துங்க. நுரை நிக்கணும்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “அப்படியே அண்ணன் மாதிரியே...” என்று தொடங்கியவன் முடிக்கவில்லை. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினான். அவள் வேறு பக்கம் பார்த்தாள். நுரை அடங்கி, குமிழி இல்லாத டீசல் வழிந்தபோது திருகை இறுக்கினாள்.

அவள் சீட்டில் ஏறியதைப் பார்த்து மகள் படியிறங்கி ஓடி வந்தாள். “அம்மா, நீ வேண்டாம்மா. சித்தப்பா எடுக்கட்டும்.”

“உங்கப்பா தொலைச்சது போதாதா, சித்தப்பாவும் எதையாச்சும் தொலைக்கவா? தள்ளு.”

கொட்டகையில் முன்னே பின்னே நகர்த்த மட்டும்தான் அவர் அவளை விட்டிருந்தார். சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இருமியது. மறுபடி திருப்பினாள். கரும்புகை கக்கிக்கொண்டு பிடித்தது. சீட்டுக்குப் பக்கத்திலிருந்த நெம்புகோலைத் தூக்கியதும் கலப்பை மண்ணை உதிர்த்துக்கொண்டு மேலே வந்தது. வாசலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

வண்டியைக் கேட்டைத் தாண்டி ரோட்டோரம் ஏற்றி நிறுத்தினாள். வேன் மெல்ல வளைந்து உள்ளே போனது. அவள் இன்ஜினை அணைக்கவில்லை. வழக்கமாகத் திணற ஆரம்பிக்கும் நேரம் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். திணறவில்லை. ஒரே சீராக ஓடியது. நேரம் போகப் போக இன்னும் நன்றாக ஓடியது.

அப்போதுதான் அவள் அவரிடம் பேசத் தொடங்கினாள். மீட்டர் பலகையைப் பார்த்து, கையை நீட்டி, ஒன்றுவிடாமல்.

கேட்டருகில் மகள் வந்து நின்றாள். சத்தத்தில் எதுவும் காதில் விழாமல், கையைக் காதோரம் வைத்து, என்னம்மா என்று சைகை காட்டினாள்.

அவள் ஆக்சிலேட்டர் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினாள். இன்ஜின் இன்னும் பலமாக உறுமியது.