எசேக்கியேல் போதகர் தொடாத கேக்

எசேக்கியேல் போதகர் செத்து இருநூறு வருடம் ஆகிறது. ஆனாலும் மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கல்லறைகளுக்குப் பூ வைத்து முடிந்ததும், தாம் ஏற்படுத்திய லாரல் ஓடைச் சபையின் முற்றத்துக்குச் சாப்பிட வந்துவிடுவார். மர நிழலில் போட்ட நீள மேசையில் எல்லா வீட்டுப் பதார்த்தமும் இருக்கும். அவர் கோட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, செத்தவர்கள் வழக்கப்படி தம் வம்சத்தார் சமைத்ததை மட்டும் தொடுவார். கென்டக்கியின் எங்கள் மலைப்பக்கத்தில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. வெயில் எப்படி, கூட்டம் எப்படி, போதகர் யார் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டார் என்று விசாரிப்பார்கள், அவ்வளவுதான்.

ஆர்லீன் ராட்லிஃபுக்குத்தான் வயிற்றெரிச்சல். மாவட்டத்தில் யாருக்கு யார் முப்பாட்டன் என்று கேட்டால் அவளைத்தான் கைகாட்டுவார்கள். கூரை போன பழைய தேவாலயங்களின் முட்புதருக்குள் நுழைந்து, பாசி பிடித்த கல்லறைக் கற்களைத் தேய்த்துத் தேய்த்துப் படித்தவள். தாங்கள் எசேக்கியேல் வம்சம் என்று அப்பா சாகும்போது சொன்னதை நிரூபிக்கத்தான் இத்தனை பாடும். வருடா வருடம் காய்ந்த ஆப்பிளை வேகவைத்து, மசித்துத் தடவி, அடுக்கு கேக் செய்து கொண்டுவருவாள். போதகர் அதைத் தாண்டிப்போய், பக்கத்து வீட்டு டெல்ஃபா டப்பாவிலிருந்து கொட்டிச் சூடாக்கிய பீன்ஸை வழித்து வழித்துத் தின்பார்.

"அக்கா, வேணும்னா இந்தாளை நீயே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயேன்," என்பாள் டெல்ஃபா. "இவரு சிந்துற கறையைத் துவைச்சு எனக்குக் கை போச்சு."

"வாயை மூடுடி. உன் கொள்ளுப்பாட்டி பேராவது தெரியுமா உனக்கு?"

"தெரியாது. அவருக்கு என்னைத் தெரியுதே, போதாதா?"

அந்த வார்த்தை ஆர்லீனைத் தூங்கவிடவில்லை. பொறாமை அவள் வீட்டுத் தோட்டம்வரை பரவியது. சில வருடங்கள் அங்கே தக்காளி பழுக்கவே இல்லை. காயாகவே பறித்து மாவில் தோய்த்துப் பொரித்துத் தின்றாள். டெல்ஃபா நன்றாகச் சிரித்தால்கூட அவளுக்கு ஆகவில்லை.

ஒரு வருடம் துணிந்துவிட்டாள். ஜனங்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது டெல்ஃபாவின் பானையிலிருந்த பீன்ஸைப் புதரில் கொட்டிவிட்டு, அதற்குள் தன் கேக்கை வைத்தாள். போதகர் வந்தார், மூடியைத் திறந்தார், முகர்ந்தார், மூடினார்.

"ஏம்மா டெல்ஃபா, இன்னைக்கு நீ சமைக்கலையா?" என்றார் சத்தமாக.

முற்றமே சிரித்தது. ஆர்லீன் பானையைப் பிடுங்கிக்கொண்டு, எங்கேயாவது வீசிவிடலாம் என்று கல்லறைத் தோட்டத்து வேலியைத் தாண்டி நடந்தாள். வேலிக்கு வெளியே புதைந்து கிடப்பவர்கள் சபையிலிருந்து நீக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு யாரும் பூ வைப்பதில்லை. மாவட்டத்துக் கற்களையெல்லாம் தேய்த்த ஆர்லீனும் அந்தப் பக்கம் போனதில்லை. அங்கே போய் யார் முன்னோரைத் தேடுவார்கள்? புல்லில் ஒருத்தி செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாண வீட்டில் பிடில் சத்தத்துக்கு ஆடினாள் என்று எசேக்கியேலே சபைநீக்கம் செய்த தாமார் அவள்தான். ஒன்றும் கேட்காமல் பானையை வாங்கி, கேக்கைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தாள்.

"எவ்ளோ நேரம்டி பசியோட உக்காந்திருக்கறது?" என்றாள் வாய் நிறைய.

ஆர்லீன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அப்பாவின் பேச்சு பொய்யாய்ப் போனதற்கு அழுதாளா, இவளை இத்தனை காலம் காக்கவைத்ததற்கு அழுதாளா என்று அவளே சொன்னதில்லை. அழுகைச் சத்தம் கேட்டு டெல்ஃபா ஓடிவந்தாள். பாவம் பார்த்துத் தன் வீட்டு ரொட்டியையும் ஒரு தட்டில் நீட்டினாள். தாமார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் போடி," என்றாள் ஆர்லீன், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "எங்காளு கண்டவ கையால சாப்பிட மாட்டா."

டெல்ஃபாவின் முகம் அப்படிச் சுண்டியதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம். அடுத்த வருடத்திலிருந்து வேலிக்கு அப்பாலும் ஒரு மேசை போடுகிறோம். எசேக்கியேல் போதகர் பீன்ஸைத் தின்றபடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டாலும் ஆர்லீன் அவருக்குக் கேக் கொடுப்பதில்லை.