நரைத்த பெஞ்சு
தோட்டத்துத் தேக்கு பெஞ்சு வெயிலிலும் மழையிலும் கிடந்து வெள்ளியாய் நரைத்திருந்தது. காலை டீக்கு அவளுக்கு அந்த வீட்டில் வாய்த்த ஒரே நிம்மதியான இடம் அதுதான்.

"பரதேசி வீட்டு பெஞ்சு மாதிரி இருக்கு" என்று கணவன் அதைப் பக்கத்துத் தெருவிலிருந்த தன் தங்கைக்குத் தள்ளிவிட்டான். மறுவாரமே புதிது வந்தது. மட்ட மரத்தில் சாம்பல் சாயம் பூசி, வேண்டுமென்றே கீறியிருந்தார்கள்.

"பழசு மாதிரியே செஞ்சது. இப்ப இதுதான் ஃபேஷன்!"

"நிஜப் பழசைத் தூக்கிக் குடுத்துட்டு, வேஷம் போட்டதை வாங்கியாந்தீங்களாக்கும்!"

"உனக்கு ரசனை பத்தாது."

முதல் மழை விட்டதும் பெருமையாக உட்கார்ந்தான். எழுந்தபோது பேன்ட்டின் பின்புறமெல்லாம் சாம்பல்.

"இப்ப நீங்களும் ஃபேஷன்தான்" என்றவள், டீ டம்ளருடன் நாத்தனார் வீட்டுக்கு நடந்தாள்.