பேசாத படத்தில் மேனேஜர் பேசினார்

வியாழக்கிழமை மில் வாசலில் பிடித்த படம், சனிக்கிழமை பிற்பகல் இங்கிலாந்தின் பர்ன்லி ஊர்ச் சந்தைக் கூடாரத்தில் ஓடியது. தங்கள் முகத்தைத் தாங்களே பார்க்க முந்நூறு நெசவாளிகள் முண்டியடித்தார்கள்.

"அடியே ஆக்னஸ், அது தொப்பியா கோழிக்கூடையா?"

"உன் மூஞ்சிக்கு அதுவும் இல்லையே!"

ஸில்லாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. புதன்கிழமை அவள் தங்கை ஈட்னாவின் வலது கையைத் தறியின் பல்சக்கரம் மென்றுவிட்டது. 'சக்கரத்தின் மூடியை அவளே கழற்றினாள்' என்று மேனேஜர் கிராஸ்லி எழுதி வைத்துவிட்டார். திங்களன்று இன்ஸ்பெக்டர் வருகிறார். அந்த எழுத்து நின்றால், கையோடு ஈட்னாவின் மானமும் போகும்.

திரையின் ஓரத்தில் கிராஸ்லி தோன்றினார். பக்கத்தில் மேஸ்திரி ஆல்ட்ரட். இருவரும் ஏதோ பேசினார்கள்.

படத்துக்குச் சத்தம் கிடையாது. ஆயிரம் தறி இரையும் கூடத்தில் காதுக்கும் வேலை கிடையாது. அங்கே எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிப்பவர்கள். ஆபீஸ் நாற்காலியைத் தாண்டாத கிராஸ்லிக்கு அது உறைக்கவில்லை.

ஸில்லா படித்தாள்.

'மூடி உடைஞ்சு ஒரு மாசமாச்சு. இன்னிக்கே புதுசு மாட்டிடு. அந்தப் பொண்ணு கழட்டினதா நான் எழுதிட்டேன்.'

கூடாரத்தின் சிரிப்பு சட்டென்று அறுந்தது. முந்நூறு பேரும் படித்துவிட்டார்கள்.

முன்வரிசையில் கிராஸ்லி மனைவியிடம், "படத்துல நல்லா விழுந்திருக்கேன், இல்ல?" என்றார்.

"திருப்பிப் போடுய்யா!" ஸில்லா அலறினாள்.

படக்காரன் திருப்பிப் போட்டான். மறுபடி அந்த உதடுகள் அசைந்தபோது, முந்நூறு தொண்டைகள் அவற்றுக்குக் குரல் கொடுத்தன. ஒரு சொல் பிசகவில்லை.

கிராஸ்லி துள்ளி எழுந்தார். "பொய்! நிறுத்துடா படத்தை!"

வாசலை மறித்து நின்றது கூட்டம். ஆல்ட்ரட்டின் சட்டைக் காலர் ஆக்னஸ் பிடியில்.

"என்னை விடு தாயே! அவர் சொன்னாரு, நான் மாட்டினேன்!" என்று மேஸ்திரி கதறினார்.

டிக்கெட் மேஜையிலிருந்த தாளையும் பேனாவையும் ஸில்லா கிராஸ்லியின் முன் வீசினாள்.

"நடந்ததை எழுதுங்க ஐயா. கையெழுத்தும் போடுங்க."

"ஸில்லா, உன் தங்கச்சிக்கு ஏதாவது ஏற்பாடு..."

"எழுதுய்யா!"

கிராஸ்லி குனிந்தார். அவசரமாகக் கிறுக்கியதில் தாளில் மை கொட்டியது.

"நிதானமா எழுதுங்க," என்றாள் ஸில்லா, பல்லைக் கடித்துக்கொண்டு. "உங்களுக்குத்தான் கை இருக்கே."