பொன்னியம்மன் முன்னால் ஒரு சத்தியம்

என் அக்கா பொன்னி சாமியானதில் எனக்கு எந்தச் சந்தோஷமும் கிடையாது. கருவாடு இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காதவளுக்குச் சர்க்கரைப் பொங்கல் படைக்கிறார்கள். கேட்டால், முதலாளி வீட்டு வழக்கப்படி சுத்த சைவ அம்மனாம்.

அவள் மரக்காணம் உப்பளத்தில் செத்தாள். கோடை மழையில் பாத்திகள் நிரம்பியபோது, தண்ணீரை வெளியேற்ற மோட்டார் போட்டவள் அங்கேயே விழுந்தாள். கரண்ட் அடித்தது என்றேன் நான். உப்பில் ஒரு வெளிச்சம் வந்து அவளைக் கூப்பிட்டது, கண்ணால் பார்த்தேன் என்றான் மேஸ்திரி சிங்காரம். அடுத்த வாரமே அவள் விழுந்த வரப்பில் ஒரு கல்லை அம்மனாக நட்டு மஞ்சள் பூசினான். போலீஸ் வரவில்லை, கும்பிட ஜனம் வந்தது.

வருடங்கள் கழித்து முதலாளி அங்கே கோயில் கட்டி, அந்த வெளிச்சக் கதையைக் கல்வெட்டில் பொறித்திருந்தார். திறப்பு நாளன்று அதை மூடியிருந்த துணியை விலக்கச் சிங்காரம் கை நீட்டினான். நான் குறுக்கே போய் நின்றேன். அந்தக் கதை கல்வெட்டாக நின்றுவிட்டால், அவள் எப்படிச் செத்தாள் என்று அப்புறம் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

"வெளிச்சத்தப் பாத்தது நெசம்னா கற்பூரத்த அணைச்சுட்டு சொல்லுங்க மேஸ்திரி," என்றேன்.

எங்கள் உப்பளத்தில் எந்தத் தகராறும் அப்படித்தான் தீரும். அம்மன் முன்னால் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தவன் சொல்வது உண்மை. பொய்யாக அணைத்தால் குடும்பம் விளங்காது.

பூசாரி கற்பூரம் ஏற்றினார். சிங்காரம் அணைத்துவிடுவான். அந்த அம்மன் கல்லை வானூர் ரோட்டோரம் பொறுக்கி வந்தவனே அவன்தான், அவனுக்கு என்ன பயம்? அவசரப்பட்டு நானே காரியத்தைக் கெடுத்துவிட்டேன்.

சிங்காரம் கையை நெருப்புக்கு மேலே கொண்டுபோனான். கற்பூரம் எரிந்து தானாகவே அணைந்தது. கை இறங்கவே இல்லை.

தடாலென்று அம்மன் கல்லின் முன் விழுந்தான். "தாயே, மன்னிச்சிடு. ஒயர் பிஞ்சிருக்குதுன்னு நீ சொன்ன. நான்தான் மோட்டாரப் போடுன்னு வெரட்னேன்."

இத்தனை வருடம் நான் காத்திருந்த வார்த்தை. அதைக்கூட என்னைப் பார்த்து அவன் சொல்லவில்லை.

"ஆத்தா வாயத் தொறக்க வச்சிட்டா பாரு," என்று ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ஆத்தா இல்ல, எங்க அக்கா. கரண்ட் அடிச்சு செத்தா. அவரே சொல்லிட்டாரு, காதுல வுழலியா?" என்று கத்தினேன்.

"வுழுந்துச்சும்மா," என்றாள் பக்கத்தில் நின்ற லட்சுமியம்மாள். என்னைவிட மூத்தவள், குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது.