ஊளையிடாத கிட்டார்

பெண்டாட்டியை அடிப்பதற்கு முன் கிட்டாரைக் கழற்றி வைப்பது அவன் வழக்கம். சும்மா வைக்கமாட்டான். ஆம்ப்ளிஃபையரின் வாய்க்கு நேரே சாய்த்து வைத்து, சத்தக் குமிழைக் கடைசி வரை திருப்பிவிடுவான். யாரும் தொடாமலே கம்பிகள் அதிர, ஆம்ப் ஊளையிடத் தொடங்கும். அது பழைய வால்வு ஆம்ப். பின்பக்கம் நான்கு கண்ணாடி வால்வுகள் தணலாக எரியும். ஊளை கிளம்பிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதற்கப்புறம்தான் இடுப்பு பெல்ட்டை உருவுவான்.

வெளியே கேட்டால் தங்கமான பிள்ளை என்பார்கள். கீழ்வீட்டுப் பெரியவர் எப்போதாவது மேலே வந்து, "தம்பி, கொஞ்சம் கொறச்சு வாசிங்களேன், காது அடைக்குது" என்பார்.

"மன்னிச்சுக்கங்க சார். வாசிக்க ஆரம்பிச்சா என்னையே மறந்துடுறேன்" என்று குழைவான். உதட்டை முந்தானையால் ஒற்றிக்கொண்டு அவள் கதவுக்குப் பின்னால் நிற்பாள்.

பிறந்த வீட்டுக்குப் போகாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் அவள் அண்ணனே திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லிப் போனான். அனுசரிக்கச் சொல்கிறவன் கழுத்தா இறுகுகிறது? போன தடவை புருஷன் அவள் கழுத்தில் பெல்ட்டைச் சுற்றி இழுத்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்த தடவை உயிர் தங்காது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. மிச்சமிருந்தது ஒரே நம்பிக்கை: அந்த ஊளை மட்டும் அடங்கினால் தன் குரல் நாலு பேர் காதில் விழும். விழுந்தால் ஓடி வருவார்கள்.

நான்கு வால்வில் இரண்டைப் பிடுங்கினால் சத்தம் பாதியாகும் என்று மனக்கணக்குப் போட்டாள். ஓரத்து இரண்டையும் பிடுங்கி அரிசி டப்பாவில் ஒளித்தாள். ஆம்ப் என்னவோ பழையபடிதான் ஊளையிட்டது. காலியாக இருந்த குழிகளை அவன் பார்த்துவிட்டான். அன்றைக்கு பெல்ட் போதாமல் மைக் ஸ்டாண்டை எடுத்தான். அவள் விலாவில் ஏதோ நறுக்கென்றது.

"நீதானடி புடுங்குன? நீயே ஆம்பத் தூக்கிட்டுப் போய் கடையில மாட்டிட்டு வா."

அந்தக் கனத்தை, மூச்சு விட்டாலே வலிக்கிற விலாவோடு அவள் படியிறக்கினாள். பெரியவர் கேட்டைத் திறந்துவிட்டு, "பாத்து போம்மா" என்றார்.

ரிப்பேர்க் கடைக்காரன் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். "பாதி வால்வ எடுத்தா பாதி சக்திதான்கா போகும். காதுக்கு அது கொஞ்சூண்டு கொறஞ்ச மாதிரிதான் இருக்கும். நெசமாவே அடக்கணும்னா, ஸ்பீக்கருக்கு முன்னால ஒரு தடை போடணும். நூத்துல ஒரு பங்க மட்டும் வெளிய விடும். மிச்சத்தையெல்லாம் அதுவே சூடா முழுங்கிடும்."

"ஸ்பீக்கர் வயரையே கழட்டிட்டா?"

"ஆம்ப் எரிஞ்சு போயிடும்."

"அப்ப தடையே போடுங்க. உள்ள வைங்க, வெளிய தெரிய வேணாம்."

"சரி, அடியில சின்னதா ஒரு ஸ்விட்சு வைக்கிறேன். தட்டினா சத்தம் அடங்கும். சாருக்குச் சொல்லிடுவீங்கல்ல?"

அவள் காசை எடுத்து நீட்டினாள். அவள் மணிக்கட்டில் பதிந்திருந்த பெல்ட் தடத்தை அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, சால்டரிங் கம்பியை எடுத்துக்கொண்டு குனிந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கட்டடம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்பது அன்றைய குற்றம். அவன் குரல் மாறியதுமே, கீழே விழுந்த சட்டையை எடுப்பதுபோல் குனிந்து ஆம்பின் அடியில் தட்டிவிட்டாள்.

அவன் கிட்டாரைச் சாய்த்தான். குமிழைத் திருப்பினான். ஆம்ப் பூனைக்குட்டிபோல முனகியது. மறுபடி திருப்பிப் பார்த்தான், எட்டி உதைத்தான். ஊளை வரவில்லை. ஆனால் வெறி வந்தாயிற்றே, அது ஆம்புக்காகக் காத்திருக்குமா? பெல்ட் அவள் முகத்தில் விழுந்தது.

"காப்பாத்துங்க... என்னைக் கொல்றான்..."

தன் குரல் இத்தனை பெரிதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தெருவரைக்கும் போயிருக்கும். அவன்கூட ஒரு கணம் கையை நிறுத்திக் கதவைப் பார்த்தான். இருவரும் காத்திருந்தார்கள்.

எதிர்வீட்டில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. கீழே பெரியவர் வீட்டு டிவி சத்தம் ஒரு படி ஏறியது. அவள் மறுபடி கத்தினாள். டிவி இன்னொரு படி ஏறியது.

இவர்களுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகவோ தெரிந்திருக்கிறது.

அவனுக்கும் அது புரிந்தது, சிரித்தான். "கத்துடி. இன்னும் நல்லாக் கத்து" என்று பெல்ட்டைக் கழுத்தில் சுற்றி இழுத்தான். அவள் ஆம்பின்மேல் சரிந்தாள். துழாவிய கையில் கிட்டாரின் கழுத்து அகப்பட்டது.

முதல் அடி அவன் முட்டியில். பிடி விட்டது. இரண்டாவது அடி, விழுந்தவன் தரையில் ஊன்றிய இடதுகை விரல்களின்மேல். எலும்பு நொறுங்குவது அவள் கை வரைக்கும் தெரிந்தது. நிறுத்தத் தோன்றவில்லை. மூன்றாவதும் அதே கையில்தான்.

அவன் அலறினான்.

மொத்தக் கட்டடமும் எழுந்தது. படிகளில் தடதடவென்று கால்கள். கதவைத் தோளால் மோதி உடைத்தார்கள். எதிர்வீட்டுக்காரன், மாடிக்காரர்கள், எல்லோருக்கும் முன்னால் அந்தப் பெரியவர், மூச்சு வாங்க. அவள் கழுத்தில் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் அவள் கையிலிருந்து கிட்டாரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அவன் பக்கத்தில் மண்டியிட்டார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? எவ்வளவு நல்லா வாசிக்கிற கை" என்றார்.