பதினைந்தாவது ராடு

தம்பி வீட்டு போர்வெல்லிலிருந்துதான் எனக்குத் தண்ணீர். சுவர்மேல் ஒரு ரப்பர் குழாய். காலையில் அவன் மோட்டார் போட்டால் என் தொட்டி நிறையும். மூன்று வருடத்தில் ஒருநாளும் தவறவில்லை. அதுவே எனக்குச் சந்தேகம். நாளைக்கே கையை விரித்துவிட்டால்? எனக்கென்று ஒரு போர் போட லாரியை வரவழைத்தேன்.

லாரிக்காரன் இடத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"பெரியவரே, பக்கத்து போர் எட்டடி தூரத்துலதான் இருக்கு. அந்த மூலைக்குப் போயிடலாம். இங்கதான் வேணும்னா, அவங்க போருக்குள்ள கிடக்குற மோட்டாரை மேல தூக்கச் சொல்லுங்க. நம்ம கம்ப்ரசர் காத்து அந்தப் பக்கம் பிச்சுக்கிட்டுப் போகும்."

"என் தம்பி உனக்கு டீ வாங்கிக் குடுத்தானா?"

"நீங்களே இன்னும் குடுக்கல."

"அப்புறம் எதுக்கு அவனுக்குப் பரிஞ்சு பேசுற? தண்ணி இங்கதான் ஓடுது. இங்கயே போடு."

தம்பியிடம் மோட்டார் விஷயத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் வேலையைத் தடுப்பான் என்று நினைத்தேன்.

ஏமாற்றிவிடுவார்கள் என்று துளை போட இறக்கிய ராடுகளை நானே எண்ணினேன். பதினாலு வரைக்கும் வெறும் புழுதி. பதினைந்தில் புழுதியும் நின்றது. நிறுத்தச் சொல்லி லாரிக்காரன் கையைத் தூக்கினான். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் மாடி உயரத்துக்குச் சேறு பீச்சியடித்தது. என் தொட்டியில் விழுந்த தண்ணீர் செம்மண்ணாக மாறியது. குழாயைப் பிடுங்கி வெளியே போட்டேன். கொஞ்சம் காற்று சீறிற்று. பிறகு அதுவும் இல்லை.

வேலையாட்களுக்குத் தண்ணீர் போதாதே என்று தம்பி அன்று இரண்டாம் முறையாக மோட்டார் போட்டிருக்கிறான்.

லாரியை வைத்தே அவன் மோட்டாரை இழுத்துப் பார்த்தார்கள். பாதிக் குழாய்தான் வந்தது. மோட்டார் மண்ணுக்குள் போய்விட்டது. என் குழியில் ஈரம்கூட இல்லை.

தம்பி சுவரோரம் வந்தான். முகமெல்லாம் சேறு.

"உங்களுக்காச்சும் வந்துச்சாண்ணே?"

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"மோட்டாரைத் தூக்கணும்னு காலையிலேயே உங்ககிட்ட சொன்னாராமே லாரிக்காரரு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தூக்கியிருப்பேனே."

 நான் தொட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி பெண்டாட்டி காலிக் குடத்தைச் சுவர்மேல் வைத்தாள்.

"மாமா, உங்க தொட்டியில தெளிஞ்சதா ஒரு குடம் குடுங்க. சமைக்கணும்."

தொட்டியில் இருந்தது முழுக்க அவள் வீட்டுத் தண்ணீர். மேலாக மொண்டு நிரப்பிக் கொடுத்தேன்.  அடுத்த குடத்துக்கும் கையை நீட்டினேன்.